நூறு சதவீதம் பசுமை மின்சாரம். உமிழ்வு மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: 2017 முதல், ஆண்டு முழுக்கச் செலவழித்த மின்சாரத்துக்கு ஈடாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்குவதாக கூகுள் சொல்கிறது. பிறகு எப்படி 2023-இல் அதன் கரிம உமிழ்வு 2019-ஐவிட 48 சதவீதம் கூடியது?

பதில்: இரண்டு செய்தியும் உண்மைதான். 2023-இன் மொத்த உமிழ்வு 1 கோடியே 43 லட்சம் டன். அதில் முக்கால் பங்கு ‘ஸ்கோப் 3’. அதாவது சர்வர், சிப் செய்பவர்கள், டேட்டா சென்டர் கட்ட சிமென்ட்டும் இரும்பும் தருபவர்கள் போன்ற பிறர் விடும் புகை. கூகுள் தன் மீட்டருக்கு எவ்வளவு பசுமை மின்சாரம் வாங்கினாலும் இது குறையாது. ஏ.ஐ.க்காகப் புதுக் கட்டடங்கள் எழும்ப எழும்ப ஏறத்தான் செய்யும்.

வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு ‘ஸ்கோப் 2’. இதற்கு இரண்டு கணக்கு உண்டு. அந்தந்த ஊர் மின்கட்டமைப்பில் எரிந்த நிலக்கரி, எரிவாயுவை வைத்துப் பார்த்தால் சுமார் 92 லட்சம் டன். வாங்கிய பசுமை மின்சாரத்தைக் கழித்தால் 34 லட்சம் டன். நிறுவனங்கள் முன்னால் நிறுத்துவது இரண்டாவதை. நீங்கள் முதலாவதையும் தேடிப் பாருங்கள்.

நூறு சதவீதம் வாங்கியும் 34 லட்சம் டன் மிஞ்சுவானேன்? ஐரோப்பாவில் தேவைக்கு மேல் வாங்கிய பசுமை மின்சாரத்தை ஆசியாவில் விழுந்த துண்டுக்கு ஈடுகட்ட கணக்கு விதிகள் அனுமதிப்பதில்லை. இந்த ஆண்டுக் கணக்கில் தெரியாத இன்னொரு சிக்கல் நேரம். நண்பகலில் சூரிய மின்சாரம் வாங்கி வரவு வைக்கலாம். நள்ளிரவில் சர்வர் ஓடுவது எரிவாயு மின்சாரத்தில். மணிக்கு மணி ஒப்பிட்டால், 2023-இல் கரிமமில்லா மின்சாரம் சராசரியாக 64 சதவீதம்தான். என்னைக் கேட்டால், ஆண்டுக் கணக்கின் நூறைவிட இந்த 64-தான் நேர்மையான எண். இதையும் வெளியிடுவது கூகுள்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: 2024-க்கு 1 கோடியே 15 லட்சம் டன் என்கிறார்களே, குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை. அடுத்த அறிக்கையில், 2030 உமிழ்வுக் குறைப்பு இலக்குக்காக எவற்றையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்ற எல்லையை மாற்றி, ஸ்கோப் 3-இன் சில இனங்களை வெளியே வைத்துவிட்டார்கள். பழைய 1 கோடியே 43 லட்சத்தோடு இதை ஒப்பிடக் கூடாது. புதிய எல்லைப்படியே 2019-ஐயும் கணக்கிட்டால், உயர்வு 51 சதவீதம். எந்த நிறுவனத்தின் அறிக்கையானாலும் முதலில் அடிப்படை ஆண்டையும் அடிக்குறிப்பையும் படியுங்கள்.

கேள்வி: 2030 இலக்கு எட்டுமா?

பதில்: இலக்கு இதுதான்: 2019 அளவில் பாதியாகக் குறைப்பது, மிச்சத்தைக் காற்றிலிருந்து அகற்றி ஈடுகட்டுவது. ஒன்றரை மடங்கான உமிழ்வை அரை மடங்குக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வெட்டு. மின்சாரப் பக்கம் நம்பிக்கை உண்டு: 2024-இல் டேட்டா சென்டர் மின்தேவை 27 சதவீதம் கூடியும், அந்த மின்சாரத்தின் உமிழ்வு 12 சதவீதம் இறங்கியது. சிப் ஆலைகளும் சிமென்ட்டும் அதே வேகத்தில் இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.