அதே வார்டு, வேறு வாக்காளர்கள்

மறுபடியும் நிற்கும் கவுன்சிலர்களுக்காகத் தெருத்தெருவாக அலைபவர்களும், அவர்களுக்கு ஓட்டுப் போடலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள்.

கேள்வி: எங்கள் கவுன்சிலர் சென்ற முறை 600 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இப்போது பகுதி முழுக்கப் புது அடுக்குமாடிகள். பழைய ஆதரவாளர் பட்டியலை வைத்தே வேலையைத் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். அதோடு நின்றுவிட்டால்தான் ஆபத்து. சென்ற தேர்தலின் வாக்காளர் பட்டியலையும் இப்போதைய பட்டியலையும் ஒப்பிட்டுப் பெயர்களை மூன்றாகப் பிரியுங்கள்: இரண்டிலும் இருப்பவர்கள், போய்விட்டவர்கள், புதிதாக வந்தவர்கள். அப்போது 8,000 பேர் இருந்தார்கள், 1,500 பேர் போய்விட்டார்கள், 3,500 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மொத்தம் 10,000. அதில் 35 சதவீதம் பேர் உங்கள் கவுன்சிலருக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. 600 என்ற அந்த வித்தியாசம் 3,500-க்குள் எளிதில் கரைந்துவிடும்.

அடுத்தது கதவுக் கணக்கு. வார்டில் 6,000 வீடுகள் என்றால், இரண்டு பேர் சேர்ந்து போகும் ஒரு ஜோடி மணிக்குச் சுமார் 15 கதவுகளைத் தட்டும். பத்து ஜோடி, மாலையில் இரண்டு மணி நேரம் என்றால் நாளுக்கு 300 வீடு. முதல் சுற்றுக்கே 20 மாலைகள் வேண்டும். பாதிக்கு மேல் வீடு பூட்டியிருக்கும் அல்லது கதவு திறக்காது. அவற்றுக்கு இரண்டாம் சுற்று, அதுவும் வேறு நேரத்தில். மாலை ஷிப்டுக்குப் போகிறவரை எத்தனை மாலை தேடினாலும் பிடிக்க முடியாது. எல்லாம் சேர்த்து 35 நாள். வாரத்துக்கு மூன்று நாள் போனால் மூன்று மாதம். கடைசி இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

அடுக்குமாடிகளில் வாசலிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிடுவார். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி நாளும் நேரமும் வாங்கிவிடுங்கள். மற்ற வேட்பாளர்களுக்கும் அதே வாய்ப்பைத் தருவதில் ஆட்சேபம் இல்லை என்று கடிதத்திலேயே சொன்னால், சங்கத்துக்குத் தயக்கம் குறையும். உள்ளே போனதும் லிப்டில் மேல் மாடிக்கு ஏறிப் படி வழியாக இறங்கி வாருங்கள், கால் வலி மிச்சம்.

எல்லோரும் சறுக்கும் இடம் குறிப்பெடுப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் 1 முதல் 5 வரை போடச் சொல்வார்கள்: 1 உறுதியான ஆதரவு, 3 முடிவெடுக்காதவர், 5 உறுதியான எதிர்ப்பு. சிரித்துப் பேசி, தண்ணீர் கொடுத்தவருக்கெல்லாம் தொண்டர் 1 போட்டுவிடுவார். மரியாதை வேறு, ஓட்டு வேறு. “உங்கள் ஓட்டை எதிர்பார்க்கலாமா?” என்று நேராகக் கேட்டு, வாய்விட்டு “போடுகிறேன்” என்றவருக்கு மட்டும் 1. “பார்க்கலாம்” என்றால் 3-தான். இதில் கறாராக இல்லாவிட்டால் ஓட்டுப்பதிவு நாளில் யாரை நினைவூட்டி அழைப்பது என்றே தெரியாது. எதிரணி ஓட்டையும் நீங்களே கூட்டிக்கொண்டு வந்து சேர்ப்பீர்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் ஐந்தாறு மொழி பேசுகிறார்கள். நோட்டீஸை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அச்சடித்தால் போதாதா?

பதில்: போதாது. ‘வார்டு’ என்ற சொல்லை அது ஆஸ்பத்திரி வார்டாக்கிவிடலாம். மூலத்தைச் சிறு சிறு வாக்கியங்களாக, பழமொழியோ சிலேடையோ இல்லாமல் எழுதுங்கள். அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவர் மொழிபெயர்க்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி மூல மொழிக்கு மொழிபெயர்க்கட்டும். மூலமும் அதுவும் பொருந்தாத இடத்தில்தான் தப்பு இருக்கும்.

பிறகு அச்சுக்கோப்பு. உருது, அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாகப் போகும், ஆனால் நடுவில் வரும் தொலைபேசி எண் இடமிருந்து வலமாகவே நிற்க வேண்டும். சில மென்பொருள்களில் ஒட்டினால் அந்த எழுத்துகள் கூட்டு விட்டுத் தனித்தனியாக நிற்கும். தமிழிலும் இந்தத் தொல்லை உண்டு: எழுத்துரு ஒத்துவராவிட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துவிடும். ஆகவே அச்சகத்துக்குப் போகும் இறுதிக் கோப்பையே அந்த மொழி படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், தட்டச்சுப் பிரதியை அல்ல.

இன்னொன்று: வாக்குறுதிகள் எல்லா மொழியிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு மொழியில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்றால், இரண்டையும் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட ஒருவர் போதும்.

கேள்வி: குடியுரிமை இல்லாதவர்கள் வீட்டுக்கும் போக வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். கனடாவில் உள்ளாட்சித் தேர்தலிலும் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு. பிரிட்டனில் தங்கும் உரிமையோடு வாழும் இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற வகையில் பதிவு செய்து ஓட்டுப் போடலாம். இது தெரியாமலேயே பல ஆண்டு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமக்கள் ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் குடியிருந்தால் அங்கே நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். வாசலில் நின்று “குடியுரிமை இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். “உங்கள் பெயர் பட்டியலில் சேர்ந்துவிட்டதா?” என்றால் விஷயம் தானாகத் தெரியும். ஓட்டு இல்லாவிட்டாலும் குப்பையும் சாக்கடையும் அவர்களுக்கும் உண்டு. குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புகார் கொடுத்தவர்களின் எண்கள் கவுன்சிலரிடம் இருக்கின்றன. அவற்றுக்குப் பிரசாரச் செய்தி அனுப்பலாமா?

பதில்: கூடாது. குழாய் உடைந்ததற்காகக் கொடுத்த எண் அது. அலுவலக லெட்டர்பேட், வண்டி, வேலை நேரத்தில் ஊழியர், எல்லாவற்றுக்கும் இதே விதிதான். தேர்தலுக்குத் தனி எண், தனி மின்னஞ்சல். புகார் பார்க்கும் வேலையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: வார்டு எல்லை மாறும் என்கிறார்கள். காத்திருப்பதா?

பதில்: வேலையை நிறுத்தாதீர்கள், அச்சடிப்பதைக் குறையுங்கள். டொராண்டோவில் 2018-இல் 47 வார்டுகளுக்குப் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே மாகாண அரசு சட்டமியற்றி அதை 25 ஆக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அச்சடித்த வரைபடமெல்லாம் வீண்.

கேள்வி: நான் வெறும் வாக்காளர். “இன்னொரு முறை வாய்ப்புத் தாருங்கள்” என்பவரை எப்படி எடைபோடுவது?

பதில்: புதுத் தார் ரோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 200 வீட்டுக்குப் போட்ட கழிவுநீர்க் குழாயில் இன்னும் 300 வீடு சேர்ந்தால், எல்லோரும் குளிக்கும் காலை நேரத்தில்தான் மேன்ஹோல் பொங்கும். சரிவு மாறாமல் 150 மில்லிமீட்டர் குழாயை 225 ஆக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ மூன்று மடங்கு. 300 ஆக்கினால் ஆறு மடங்கு. குழாய், கேபிள், கடைசியில் ரோடு என்பதுதான் வரிசை. ரோட்டை முதலில் போட்டவர் ஆறு மாதத்தில் அதையே வெட்டுவார். செலவு இரண்டு தடவை. கூட்டக் குறிப்புகளை வாங்கி மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை கூட்டத்துக்கு வந்தார், இந்தக் குழாய்க்காக எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார், எந்த மேசையில் நின்றிருக்கிறது.

கேள்வி: நோட்டீஸில் கவுன்சிலர் படம் எத்தனை போடலாம்?

பதில்: ஒன்று. மீதி இடத்தில் வேலை முடிந்த தெருக்களின் பெயர், பக்கத்தில் முடியாத தெருக்களின் பெயர்.