ராயல் ஐசிங் ஏன் இளகிப்போகிறது?

கேள்வி: தீபாவளிக்குப் பிஸ்கட்டின்மேல் கோலம் போட ராயல் ஐசிங் செய்கிறேன். 2 முட்டையின் வெள்ளைக்கரு, 4 கப் ஐசிங் சீனி, இதுதான் என் கணக்கு. ஒருநாள் கோடு அழகாக நிற்கிறது. மறுநாள் அதே அளவில் செய்தாலும் பரவி ஓடுகிறது. சீனியைக் கூட்டலாமா? பாத்திரத்தை வினிகரால் துடைத்தால் சரியாகுமா? (சிங்கப்பூர், தெம்பனிஸ் வாசகி)

பதில்: சீனியைக் கூட்டுவதற்கு முன் ஒரு தராசு வாங்குங்கள். நீங்கள் “அதே அளவு” என்று எழுதியிருப்பது உண்மையில் ஒரே அளவு அல்ல. நம் கடைகளில் முட்டை 55 கிராமிலும் கிடைக்கிறது, 65 கிராமிலும் கிடைக்கிறது. சிறியதில் வெள்ளைக்கரு ஏறக்குறைய 31 கிராம் இருக்கும். பெரியதில் 37 கிராம். இரண்டு முட்டைக்கு 12 கிராம் வேறுபாடு வந்துவிடுகிறது. இது இரண்டு தேக்கரண்டித் தண்ணீருக்கும் மேல். ராயல் ஐசிங்கில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கூடினாலே கோடு போடும் பதம் தளர்ந்து, கோட்டுக்குள் நிரப்பும் பதத்தை நெருங்கிவிடும்.

கப் இன்னும் மோசம். சலித்த சீனியைக் கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டால் 105 கிராம் அளவில் நிற்கும். பையிலேயே கப்பை விட்டு அழுத்தி எடுத்தால் 130 கிராம்கூட ஏறும். நான்கு கப்புக்கு 100 கிராம் வித்தியாசம்! போதாக்குறைக்கு, சில கப்புகள் 250 மில்லி, சில 240 மில்லிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே எடை போடுங்கள்: வெள்ளைக்கரு 70 கிராம், சலித்த ஐசிங் சீனி 450 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. சீனியில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து வைத்து, பதம் பார்த்துக் கடைசியில் சேருங்கள்.

இனி பிசுக்கு. வெள்ளைக்கருவை அடிக்கும்போது அதிலுள்ள புரதம் விரிந்து, ஒவ்வொரு காற்றுக் குமிழைச் சுற்றியும் மெல்லிய சுவர் எழுப்புகிறது. கொழுப்பு கலந்தால் அந்தச் சுவரில் புரதம் இருக்க வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. சுவர் பலவீனமாகிக் குமிழ் உடைகிறது. ஐசிங் கனத்து, மந்தமாகி, தட்டையாகப் படரும். மஞ்சள்கருவின் ஒரு சொட்டும் இதே வேலையைச் செய்யும். அதனால் முட்டையைக் குளிர்ந்த நிலையிலேயே ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்துப் பிரித்து, சுத்தமாக இருந்தால் மட்டும் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

வினிகர் பற்றிப் பலர் தவறாக நம்புகிறார்கள். எண்ணெயை நீக்குவது வினிகர் அல்ல, வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும்தான். குழம்புச்சட்டி தேய்த்த பஞ்சு வேண்டாம், புதியதை எடுங்கள். நன்றாக அலசிய பிறகு, வினிகரில் நனைத்த சமையலறைக் காகிதத்தால் ஒருமுறை துடையுங்கள். மிஞ்சியிருக்கும் சோப்புப் படலத்தை அது எடுத்துவிடும். பாத்திரத்தில் தங்கும் சிறிதளவு அமிலம் நுரைக்கும் நல்லது. தோளில் கிடக்கும் கைத்துண்டால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், தானாகக் காயட்டும்.

பாத்திரம் கண்ணாடியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், கீறல்களில் பதுங்கும். சுத்தமா என்று அறிய ஒரு வழி உண்டு. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். ஈரம் முழுப் பரப்பிலும் ஒரே படலமாகப் படிந்திருந்தால் சுத்தம். எங்கேனும் முத்து முத்தாகத் திரண்டால் அங்கே பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். மிக்சரின் அடிப்பான் கம்பிகள் சேரும் முடிச்சு, ஐசிங்கைப் பிழியும் பைப்பிங் முனையின் உட்புற இணைப்புக் கோடு, ரப்பர் கரண்டி, இந்த மூன்றையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ரப்பர் கரண்டியை முகர்ந்து பாருங்கள். மசாலா வாசம் வந்தால் ஐசிங்குக்கென்று வேறொன்று வாங்கிவிடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் முறுக்கு சுடும் நாளில் ஐசிங் அடிக்காதீர்கள். எண்ணெய்ப் புகை மேடை, பாத்திரம் எல்லாவற்றிலும் படியும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிறத்துக்கு ஜெல் வகையையே பயன்படுத்துங்கள். சாக்லேட்டுக்கென விற்கும் எண்ணெய் அடிப்படையிலான வண்ணம் இத்தனை உழைப்பையும் ஒரே சொட்டில் கெடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த ஐசிங் வேகாத முட்டை. வீட்டில் குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் இருந்தால் பாஸ்டரைஸ் செய்த (சூடேற்றிக் கிருமி நீக்கிய) முட்டையோ மெரிங்கு பவுடரோ (உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி) பயன்படுத்துங்கள். பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கரு நுரைக்கக் கூடுதல் நேரம் எடுக்கும், பொறுமையாக அடியுங்கள். மெரிங்கு பவுடருக்கு உறையில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

பதம் பார்க்க, கத்தியால் ஐசிங்கில் ஒரு கீறல் போடுங்கள். 10 முதல் 15 விநாடிக்குள் மறைந்தால் அது நிரப்புவதற்கு. கோலக் கோட்டுக்குக் கீறல் மறையாமல் நிற்க வேண்டும். காத்திருக்கும் ஐசிங்கை ஈரத்துணியால் மூடுங்கள், இல்லையேல் மேலே ஆடை கட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது காய நேரம் பிடிக்கும். மின்விசிறிக்கு அடியிலோ குளிரூட்டிய அறையிலோ இரவு முழுவதும் விடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் நீர் கோத்து நிறங்கள் ஒன்றில் ஒன்று கசியும்.