கணக்குப்படி கலந்தும் தாங்கல் கரைசலின் பிஎச் ஏன் சரியாக வருவதில்லை?

பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 5.0 உள்ள 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அசிட்டேட் தாங்கல் கரைசல், அதாவது பிஎச் எளிதில் மாறாத கரைசல், 500 மி.லி. வேண்டும், கணக்குப் போட்டுக் கலந்தும் மீட்டர் வேறு எண்ணைக் காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை படிக்கும்போது இதே கரைசலுக்கு ஒரு முழுப் பிற்பகலைப் பறிகொடுத்தவன் நான்.

கணக்கு ஐந்து நிமிட வேலைதான். ஹெண்டர்சன்–ஹேசல்பாக் சமன்பாட்டின்படி, பிஎச்சிலிருந்து பிகேஏவை (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) கழித்தால் வருவது உப்பு–அமில விகிதத்தின் மடக்கை. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. மிச்சம் 0.24, அதன் எதிர்மடக்கை 1.74. அதாவது அமிலம் ஒரு பங்கு, உப்பு 1.74 பங்கு. 500 மி.லி.யில் 0.1 மோலார் என்றால் இரண்டும் சேர்ந்து 50 மில்லிமோல் இருக்க வேண்டும் என்பதால் சோடியம் அசிட்டேட் 31.75 மில்லிமோல், அமிலம் 18.25 மில்லிமோல். கிளேசியல் (நீர் ஏறக்குறைய இல்லாத) அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 17.4 மோலார், அதில் 1.05 மி.லி. போதும். ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (fume hood) வைத்தே எடுங்கள், நெடி மூக்கை அறுத்துவிடும்.

உப்பில்தான் நான் சறுக்கினேன். மூலக்கூறு எடை 82.03 என்று வைத்து 2.60 கிராம் எடைபோட்டேன். மீட்டர் 4.7 காட்டியது. மீட்டர் மேல்தான் சந்தேகம் வந்தது. மின்முனையைக் கழுவினேன், 4, 7 தரக் கரைசல்களில் மறுபடி அளவுதிருத்தம் செய்தேன். அதே 4.7. ஆய்வு மாணவியான ஓர் அக்கா வந்தார். மீட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை, உப்புப் புட்டியை எடுத்து, "இதில் இருக்கும் தண்ணீரை யார் கணக்கில் சேர்ப்பது?" என்றார். அது டிரைஹைட்ரேட். ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளைச் சுமக்கிறது, எடை 136.08. நான் எடுக்க வேண்டியது 4.32 கிராம். 2.60 கிராமில் கிடைத்தது வெறும் 19.1 மில்லிமோல், கிட்டத்தட்ட அமிலத்தின் அளவுதான். விகிதம் ஒன்றை நெருங்கினால் பிஎச் பிகேஏவின் பக்கம் சாயாமல் என்ன செய்யும்?

சரியான எடையில் மீண்டும் கலந்தபோதும் 5.0 வரவில்லை, 4.9 வந்தது. இது உங்கள் தவறன்று. 4.76 என்பது மிக மிக நீர்த்த கரைசலுக்கான எண். அயனிகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றின் மின்சுமையை மற்றவை மறைப்பதால், இந்தச் செறிவில் அது ஏறக்குறைய 4.66 ஆக நடந்துகொள்கிறது. பாடப்புத்தகக் கணக்குகள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தேர்வுத்தாளில் மீட்டர் இல்லையே!

ஆகவே முதலில் 450 மி.லி. நீரில் கரையுங்கள். மின்முனையை உள்ளே வைத்துக் கலக்கிக்கொண்டே 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், 2.5 முதல் 3 மி.லி.க்குள் 5.0 வந்துவிடும். அது அமிலத்தை அசிட்டேட்டாக மாற்றுவதால் மொத்தச் செறிவு அதே 0.1 மோலார்தான். பிறகே 500 மி.லி. கோடுவரை நீர் ஊற்ற வேண்டும். முதலிலேயே கோட்டைத் தொட்டுவிட்டால், சரிசெய்ய ஊற்றுவதெல்லாம் கரைசலை நீர்க்கச் செய்யும். பிஎச் கைமீறி ஏறிவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தேடாதீர்கள், வேண்டாத குளோரைடு சேர்ந்துவிடும். அசிட்டிக் அமிலமே ஒரு சொட்டு விடுங்கள்.

உங்கள் மீட்டர் காட்டிய எண்ணை நீங்கள் சொல்லவில்லை. 4.9 என்றால் மேலே சொன்னதுபோல் காரம் விட்டால் போதும். 4.7 என்றால் புட்டியின் லேபிளைப் பாருங்கள்.