மேலிருந்து வரும் கை

ஐயா, வணக்கம்.

மகளின் வற்புறுத்தலால் சென்ற ஆண்டு ஒரு பச்சை இகுவானா வாங்கினோம். வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். இன்றுவரை அது எங்களிடம் பழகவில்லை. கையை உள்ளே விட்டாலே வாலால் அடிக்கிறது, தொட்டியின் சுவரில் முட்டி மோதுகிறது. சென்ற வாரம் பிடிக்க முயன்றபோது வால் பாதியில் முறிந்து என் கையோடு வந்துவிட்டது, மகள் அழுதுவிட்டாள். துண்டில் சுற்றி, அது அடங்கும்வரை விடாமல் தினமும் பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். கடைக்காரர் தோல் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார். ஊர்வனவற்றுக்கு ஆளைத் தெரியாது, இதெல்லாம் வீண் என்கிறார் நண்பர். பல்லி இனம் வீட்டுக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் கையில் வைத்திருந்தால் அது பழகும்? ஓணான்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருப்பதால் கேட்கிறேன்.

ர., சென்னை

அன்புள்ள ர.,

துண்டில் சுற்றி அடக்கும் இந்த முறையைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு வழிசெய்தது.

மாமியாரின் அச்சத்தை நீங்களே பேசித் தீர்த்துவிடலாம். நண்பர் சொல்வது தவறு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா வில்கின்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கம்பிக் கதவொன்றைத் தலையால் நகர்த்தித் திறந்த ஒரு தாடி டிராகனை (ஆஸ்திரேலியப் பல்லி வகை) பார்த்த மற்ற தாடி டிராகன்கள் தாங்களும் அவ்வாறே திறந்தன. கண்ணால் பார்த்துக் கற்கும் உயிருக்கு, நாள்தோறும் உணவு வைக்கும் ஆளை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது அரிதன்று. நீண்ட காலம் இகுவானா வளர்ப்பவர்கள் பலரும் இதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் இகுவானாவும் உங்களை நன்றாகவே அறிந்திருக்கிறது. எப்படிப்பட்டவராக அறிந்திருக்கிறது என்பதைத்தான் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் தலையின் உச்சியைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கண்களுக்கும் சற்றுப் பின்னால், நடுவில், வெளிறிய ஒரு சிறு செதில் தெரியும். அது வெறும் செதிலன்று. அதற்குள் வில்லையும் விழித்திரையும் கொண்ட மூன்றாவது கண் இருக்கிறது. அதனால் உருவங்களைக் காண முடியாது, ஆனால் ஒளி கூடுவதையும் குறைவதையும் உணர முடியும். மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை ஆற்றோர மரங்களின் உச்சிக் கிளைகளில் வெயில் காயும் இந்த உயிருக்கு, மேலிருந்து வந்து விழும் நிழல் என்றால் அது பெரும்பாலும் பருந்து. இப்போது உங்கள் வரவேற்பறைக்கு வாருங்கள். தொட்டி தரையிலோ தாழ்ந்த மேசையிலோ இருக்கிறது. மூடி மேற்புறம் இருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டு மூடியைத் திறந்து உள்ளே கையை இறக்குகிறீர்கள். ஒவ்வொரு முறையும் அதன்மீது பருந்தின் நிழல் விழுகிறது, ஒவ்வொரு முறையும் அதற்கு ஓட இடமில்லை. அது வாலால் அடிப்பதை முரட்டுத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்றே நான் படித்துக்கொண்டேன். தன்னிடம் உள்ள ஆயுதத்தால் அது தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்த ஆயுதத்தையும் சென்ற வாரம் உங்கள் கையில் விட்டுவிட்டுத் தப்பியிருக்கிறது. வால் மீண்டும் வளரும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். வளரலாம், முள்ளெலும்புக்குப் பதில் உள்ளே குருத்தெலும்புத் தண்டு வரும், நிறம் கருமையாகவும் நீளம் குறைவாகவும் இருக்கும்.

இனி அந்தத் துண்டு. சுற்றிப் பிடித்தால் அது சிறிது நேரம் திமிறும், பிறகு அசையாமல் கிடக்கும். காணொளியில் இருப்பவர் அதைக் காட்டி 'பழகிவிட்டது' என்பார். என் சிறுவயதில் எங்கள் ஊர்ப் பையன்கள் தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு வேலி ஓணானைப் பிடிப்பார்கள். மல்லாத்திப் போட்டு வயிற்றைத் தடவினால் கைகால்கள் விறைக்க அப்படியே கிடக்கும். "தூங்கிருச்சு, தூங்கிருச்சு" என்று கூவுவார்கள். கிணற்று மேட்டில் கயிறு திரித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா ஒருநாள் எழுந்து வந்து, அந்தச் சுருக்கை அவிழ்த்துவிட்டு, "அது தூங்கலடா, உசுரக் கையில புடிச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றார். சற்று நேரம் கழித்து ஒருவரும் தொடாமலே அது புரண்டு எழுந்து வேலிக்குள் பாய்ந்தது. பிடிபட்ட இரை செத்ததுபோல் கிடந்தால் பிடித்தவனின் பிடி தளரும். அந்த நொடிக்காகவே பல்லி இனங்கள் பலவும் அப்படிக் கிடக்கின்றன. அதை அன்பென்றும் பழக்கமென்றும் எடுத்துக்கொண்டு மகிழ்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தடவும்போது இகுவானா கண்ணை மூடுவதைக் கண்டு சொக்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். மூச்சு வேகமாக ஏறி இறங்க, உடல் நிறம் கருக்க, அது கண்ணை மூடியிருந்தால் அங்கே இன்பம் எதுவும் இல்லை.

அதே பெரியப்பா உட்காரும் இடத்துக்கு அருகில் வேலிக்கால் ஒன்று இருந்தது. அதில் ஓர் ஓணான் எந்நேரமும் இருக்கும். அவர் தினமும் அதே இடத்தில், அதே திசை பார்த்து உட்கார்ந்து கயிறு திரிப்பார். ஓணானின் பக்கம் திரும்பவே மாட்டார். நாள்கள் செல்லச் செல்ல அது கீழிறங்கி, அவர் கால்மாட்டில் ஊரும் எறும்புகளைத் தின்னத் தொடங்கியது. நான் ஓடிப்போய் நின்றால் உடனே மறைந்துவிடும். அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை. தொட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஊர்வனவோடு மனிதர் கொள்ளக்கூடிய உறவின் நல்ல வடிவம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். கையில் ஏந்துவதை உறவின் தொடக்கமாகக் கொண்டுவிட்டதால்தான் நீங்கள் நிமிடக் கணக்குக் கேட்கிறீர்கள்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. பழகிவிட்டதாகச் சொல்லிக் காட்டப்படும் இகுவானாக்களில் பல உண்மையில் நோயாளிகள். எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, தாடை மென்மையாகி, பின்னங்கால் தளர்ந்து, ஓடவே வலுவில்லாமல் தோளில் உட்கார்ந்திருக்கும். அது உண்ணும் சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வேண்டுமானால் வைட்டமின் டி3 வேண்டும். அதற்குப் புற ஊதா ஒளியின் 'பி' கதிர்கள் தோலில் பட வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால், சன்னலோரத்தில் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் பயனில்லை. வெயிலில் கண்ணாடித் தொட்டியை வைத்துவிடவும் கூடாது. உள்ளே வெப்பம் ஏறி அது இறந்துபோகும். உங்கள் இகுவானாவுக்கு இன்னும் திமிற வலுவிருக்கிறது என்பதில் நான் மகிழ்கிறேன். அந்த வலுவைக் காப்பதே உங்கள் முதல் கடமை.

எனவே தொட்டியை மாற்றுங்கள். வளர்ந்த இகுவானா வாலோடு சேர்த்து ஐந்தடியைத் தாண்டும்; நன்றாகக் கவனித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதற்கு ஆள் உயரக் கம்பிக் கூண்டு வேண்டும், உள்ளே தடித்த கிளைகள் வேண்டும், கதவு பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேற்கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே அமையட்டும். உயரத்தில் இருந்து உங்களைக் குனிந்து பார்க்கும்போதே அதன் அச்சத்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். வெயில் காயும் கிளையில் 35 முதல் 38 பாகை செல்சியஸ் வெப்பமும், அதற்கென உள்ள புற ஊதா விளக்கும், கூண்டின் மறுபக்கத்தில் ஒதுங்க நிழலும் இருக்கட்டும். காலையில் சிறிது நேரம் மாடியில், பாதி நிழலும் பாதி வெயிலுமாக, கம்பிக் கூண்டில் விடலாம். பசலைக்கீரையைக் குறைத்துவிடுங்கள், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முருங்கைக்கீரையும் செம்பருத்தி இலையும் கொடுங்கள்.

பிறகு ஒருவரும் கையை நீட்டாமல், தினமும் ஒரே நேரத்தில் கூண்டருகே உட்காருங்கள். மகள் அங்கேயே பாடம் படிக்கட்டும். அவள் இருக்கும்போதே அது உண்ணத் தொடங்கிய பிறகு, ஒரு செம்பருத்திப் பூவைப் பக்கவாட்டிலிருந்து, அதன் மோவாய்க்குக் கீழ்மட்டத்தில் நீட்டச் சொல்லுங்கள். வாங்கினால் நல்லது. வாங்காவிட்டால் பூவை வைத்துவிட்டு வர வேண்டும். பூ வாங்கப் பழகியபின் முன்கையை ஒரு கிளைபோல் அதன் முன்னே வைக்கலாம்; ஏறுவதும் ஏறாததும் அதன் விருப்பம். ஏறினால் மார்பும் நான்கு கால்களும் தாங்கலாக இருக்க வேண்டும், வாலை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. அது திமிறும்போது விட்டால் திமிறக் கற்றுக்கொள்ளும் என்று காணொளிக்காரர்கள் வாதிடுவார்கள். அது திமிறும் நிலைக்குப் போகும்வரை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. உடல் இறுகத் தொடங்கும்போதே, தாடைக்குக் கீழுள்ள தோல் விரியத் தொடங்கும்போதே, கிளையருகே கொண்டுபோய்விடுங்கள். மாதக் கணக்கில் ஆகும். ஆண் என்றால் இனப்பெருக்கக் காலத்தில் நன்கு பழகியதுகூடச் சீறும், அப்போது முற்றிலும் விலகியிருங்கள். கையுறையை நகம் வெட்டவும் மருத்துவரிடம் கொண்டுபோகவும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தை மகளுக்கு உறுதியாகக் கற்றுக்கொடுங்கள், சால்மோனெல்லா கிருமி இவற்றின் குடலில் இயல்பாகவே இருக்கும்.

ஒன்றை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. இகுவானா பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள விலங்கு. 2022இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படியும் 2024இல் வந்த விதிகளின்படியும், வைத்திருப்பவர் அதை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தின் வழியே பதிவு செய்தாக வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை என்றால் அவரிடம் ரசீது கேளுங்கள், வனத்துறை அலுவலகத்துக்கும் சென்று விசாரியுங்கள்.

ஆனால் அதற்கும் முன்பாக, இந்த வாரமே, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வால் முறிந்த இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும். எலும்பின் நிலையை எக்ஸ்ரே எடுத்து அறிய வேண்டும். காற்றுப் புகும் இருட்டான பெட்டியில் துணி விரித்துக் கொண்டுபோங்கள், வழியில் திறந்து பார்க்காதீர்கள்.