அம்மாவின் ஓய்வூதியமும் இரண்டு பெயர்களும்

அன்புள்ள தம்பி,

இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா காலமான பின், விவாகச் சான்றிதழில் ‘வள்ளியம்மை’ என்றும் அடையாள அட்டையில் ‘வள்ளியம்மா’ என்றும் இருப்பதால் அம்மாவின் விதவைகள் ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பி வந்ததாக எழுதியிருந்தீர்கள். இதை மறுப்பாக எண்ணி மனம் தளர வேண்டாம். எங்கள் பக்கத்தில் இது வழமையான சிக்கல்தான்.

இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் அம்மா சத்தியக் கடதாசி ஒன்றை முடித்து, கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட உறுதிப்படுத்தல் கடிதத்தையும் அதனுடன் இணைத்து, களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் நேரில் ஒப்படைக்கட்டும். பெயர்கள் அந்தந்த ஆவணத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். என் பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தியதில் மூன்றாவது பெயர் ஒன்று பிறந்து, இரண்டு மாதம் வீணானது.

அப்பாவின் மரணத்தை அந்தப் பிரிவுக்கு இன்னும் அறிவிக்கவில்லையென்றால் உடனே அறிவியுங்கள். அதுவரை அவருடைய கணக்கில் விழும் ஓய்வூதியத்தில் ஒரு சதமும் எடுக்க வேண்டாம். பிறகு அதை அறவிடுவார்கள்.

படையினரதும் அவர்களின் குடும்பங்களினதும் நலன்களைக் கவனிக்க 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபையின் உதவிகள் ஓய்வூதியத்துக்குப் புறம்பானவை என்பதால், இந்த விடயத்துக்காக அங்கே அலைய வேண்டியதில்லை.