தோழிக்குத் தினமும் பைபிள் வசனம் அனுப்புவதை நிறுத்தினால் இயேசுவை மறுதலித்ததாகுமா?

ஆகாது. நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடுங்கள். இயேசுவின் சீடரான பேதுரு "அவரை அறியேன்" என்று சாதித்தார்; அதுதான் மறுதலிப்பு. நீங்கள் செய்யப்போவது, வசனங்களுக்குப் பதிலே எழுதாத தோழியின் கைப்பேசிக்கு ஓய்வு கொடுப்பது.

விசுவாசத்தின் மேல் உள்ள வெறுப்பால்தான் அவர் பேச்சை மாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் தன் தாயின் நோயைப் பற்றிச் சொன்னபோதும் ஒரு வசனத்தையே பதிலாக அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது. தான் சொன்னது காதில் விழவே இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். 1 பேதுரு 3:15, விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடு. அவர் இன்னும் எதுவும் கேட்கவில்லையே! யோவான் 4-இல் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர்தான் கேட்டார். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரியிடம் நற்செய்தியாளர் பிலிப்பு பேச்சைத் தொடங்கியதும் ஒரு கேள்வியோடுதான்.

1. அனுப்பிய செய்திகளைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். அவரைப் பற்றி நீங்கள் விசாரித்தவை எத்தனை?

2. தாயின் உடல்நிலையைக் கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணை தேவைப்பட்டால் போங்கள். "அம்மாவுக்காக ஜெபிக்கலாமா?" என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். (தனியறையில் ஜெபிப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்?)

ஒன்று கவனியுங்கள்: அவர் உங்களுக்குக் கீழே பணிபுரிபவர் என்றால் அந்தக் கேள்வியையும் தவிருங்கள். மேலதிகாரியிடம் "வேண்டாம்" என்று சொல்வது எவருக்கும் எளிதல்ல.