வாசகர் கேள்வி பதில்: பழைய கேரவனுக்கு ரிவெட்டா, திருகாணியா?

கேள்வி: ஐயா, 1970களில் செய்யப்பட்ட ஃபைபர்கிளாஸ் கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கிப் புதுப்பித்து வருகிறேன். உள் அலமாரிகள் யாவும் வெளியிலிருந்து அடித்த அலுமினிய ரிவெட்டுகளால்தான், அதாவது துளையில் செருகி முனையை நசுக்கி இறுக்கும் ஆணிகளால்தான், நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் வழியே மழைநீர் கசிகிறது. முன்பு வைத்திருந்தவர் சில இடங்களில், தாமே புரி வெட்டிக்கொண்டு இறங்கும் திருகாணிகளை முடுக்கியிருக்கிறார். அவை இப்போது கையோடு கழன்று வருகின்றன. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடும்படி ஹார்டுவேர் கடைக்காரர் சொல்கிறார். அது சரியா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதிதான் சரி. எந்த உலோகம் என்று கேட்பதற்கு முன், திருகாணியோ ரிவெட்டோ எதைப் பற்றிக்கொண்டு நிற்கப்போகிறது என்று பார்க்க வேண்டும். இத்தகைய கேரவனின் ஓடு பெரும்பாலான இடங்களில் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அந்தத் தகட்டில் வெட்டப்படும் புரி, சரளைச் சாலையின் ஓயாத அதிர்வில் பொடியாக உதிர்ந்து, துளை பெரிதாகிவிடும். அப்பளத்தில் திருகாணி முடுக்குவதைப் போன்ற வேலை அது. ஆகவே அந்தத் திருகாணிகளை நீக்கிவிடுங்கள். அவற்றைவிடத் தடிமனான திருகாணிகளைப் போட்டுச் சமாளிக்கவும் வேண்டாம்.

ரிவெட் மட்டமான வேலை என்று எண்ண வேண்டியதில்லை. 1968இல் கனடாவின் வினிபெக் நகரில் தயாரிக்கத் தொடங்கிய போலர் கேரவன்களிலும் உள் அலமாரிகளை ஓட்டோடு இணைத்தவை ரிவெட்டுகளே. உங்கள் கேரவனில் நீர் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம், அவை முனை திறந்த ரிவெட்டுகளாக இருப்பதுதான். அவற்றின் நடுத்தண்டு இழுபட்டு முறிந்தபின் உள்ளே ஒரு குழல் எஞ்சி நிற்கும்; தலையை மூடிய பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்து விழுந்ததும் மழைநீர் அந்தக் குழலின் வழியே இறங்கிவிடும். முனை மூடிய ரிவெட்டில் இந்த வழி இல்லை. 4.8 மி.மீ. விட்டமுள்ள, அகன்ற தலை கொண்ட அலுமினிய ரிவெட்டை வாங்கி, ஏறத்தாழ 4.9 மி.மீ. துளையில் பொருத்துங்கள். ஓடு, அலமாரியின் பட்டை, பின்புற வாஷர் ஆகிய மூன்றின் தடிமனையும் கூட்டி, அந்த அளவுக்கு உரிய நீளத்தில் வாங்க வேண்டும்; நீளம் தவறினால் ரிவெட் இறுகாமல் ஆடும்.

பின்புற வாஷரை மறக்கலாகாது, அதுவும் அலுமினியமாகவே இருக்கட்டும். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கேரவனின் ஓடு படுவதால் உலோகத்துக்குக் கேடில்லை. ஆனால் டர்பனின் உப்புக் காற்றில் நனைந்த அலுமினிய ரிவெட்டும் ஸ்டெயின்லெஸ் வாஷரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். சிறிய ரிவெட்டும் பெரிய வாஷருமாக இருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் உரிய இடங்கள் உண்டு. கதவின் கீல், வெளிப்பந்தலின் தண்டவாளம், பாத்திரங்களின் கனத்தைத் தாங்கும் மேலலமாரி ஆகியவற்றுக்கு, ஓட்டின் ஊடே மறுபுறம் செல்லும் எம்5 அல்லது எம்6 (5 அல்லது 6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டும், உட்புறம் அகன்ற வாஷரும், நைலான் வளையமுள்ள நட்டும் தேவை. கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸின் 304 ரகத்தைவிட 316 ரகம் உப்பை நன்கு தாங்கும். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். குழிக்குள் அமரும் கூம்புத் தலை வேண்டாம், அது ஆப்பைப் போல ஓட்டைப் பிளக்கும்; அடிப்பக்கம் தட்டையான தலையே ஏற்றது. துளையிடும்போது ஓட்டின் மேலுள்ள பளபளப்பான பிசின் பூச்சான ஜெல்கோட்டைக் கடக்கும்வரை டிரில்லைப் பின்புறமாகச் சுழற்றி, பிறகு துளையின் விளிம்பை இலேசாகச் சரித்துவிட்டால் நட்சத்திர வடிவ விரிசல்கள் தோன்றுவது குறையும். வாஷர் சரியாக அமர்ந்ததும் முடுக்குவதை நிறுத்திவிட வேண்டும். ஸ்டெயின்லெஸ் நட்டை மின்கருவியால் வேகமாக ஓட்டினால் புரிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, போல்ட்டை அறுத்தெடுக்க நேரிடும். புரி இறுகாமல் தடுக்கும் பசையைத் தடவிக் கையால் மெதுவாக முடுக்குங்கள்.

கேள்வி: ரிவெட்டுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அடியில் சிலிக்கோன் பூசினால் போதாதா?
– வாசகி, வெருலம்

பதில்: வேண்டாம், அம்மா. சிலிக்கோனைச் சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கிவிடும். அந்த இடத்தில் பின்னாளில் பெயின்ட்டும் ஜெல்கோட்டும் ஒட்டுவதில்லை. மீண்டும் கழற்ற வேண்டிய ஜன்னல் சட்டத்துக்கும் கூரைத் துவாரத்துக்கும் பியூட்டில் நாடா (ரப்பர் போன்ற மென்மையான ஒட்டுநாடா) நல்லது. ரிவெட்டின் தலைக்கடியில் பாலியூரித்தேன் பசையைச் சிறிதளவு வைக்கலாம். அது வலுவாகப் பிடித்துக்கொள்வதால், கழற்றவே போவதில்லை என்று உறுதியான இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அடிச்சட்டத்தின் பழைய போல்ட்டுகளுக்கு மெட்ரிக் (மில்லிமீட்டர் அளவு) நட்டு சேரவில்லை. புதிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைப் போட்டுவிடலாமா?
– வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: பழைய வண்டிகளில் அங்குல அளவுப் போல்ட்டுகள் இருப்பது இயல்பே. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. ஆதலால் எம்6 போலவே தோன்றி ஏமாற்றும். விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவுப் புரியின் கோணம் 55 பாகை, மெட்ரிக் புரியின் கோணம் 60 பாகை. இரண்டையும் வலுவில் இணைத்தால் புரிதான் கெடும். புரி அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்த பின்னரே வாங்குங்கள்.

அடிச்சட்டம், அச்சு, இணைப்புக் கொக்கி ஆகிய இடங்களில் ஸ்டெயின்லெஸ்ஸைத் தவிர்ப்பதே நலம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 என்னும் ஸ்டெயின்லெஸ் போல்ட் ரகம் 450 மெகாபாஸ்கல் இழுவிசையிலேயே நிலையாக நீளத் தொடங்கலாம், தலையில் 8.8 என்று பொறித்த எஃகுப் போல்ட் 640 மெகாபாஸ்கல் வரை தாங்கும். துத்தநாகம் பூசிய 8.8 போல்ட்டையே, முன்பிருந்ததற்குக் குறையாத பருமனில் போட்டு, நைலான் வளையமுள்ள நட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதியதாக மாற்றிவிடுங்கள்.